பல்லைப் பிடித்துப் பார்த்தல்: மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி

1

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் தலைமுறைகளாகக் கொடுத்துவந்த மாற்றுச் சான்றிதழை – டீசி என்றால்தான் நமக்குப் புரியும் – ஒரு பிரதியாக வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கிற காகிதம் அது; வாசிக்கிற காகிதமல்ல. பெயர், தகப்பனார் பெயர், மதம், சாதி, பிறந்த தேதி, உடம்பிலிருக்கும் இரண்டு அங்க அடையாளங்கள், கட்டணப் பாக்கி, நடத்தை என்று போகும் அந்தப் பட்டியலுக்கு நடுவே ஒரு வரி உண்டு. மாணவர் மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா, முதல் தடவையா அதற்கு மேலா என்று அது கேட்கும். எழுத்தர் அதற்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதுவார், அல்லது ஒரு கோடு இழுத்துவிடுவார். பையனின் வாயை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

கேள்வியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் மாணவர். உட்பட வேண்டியவர் அவர். ஆய்வில் என்ன கண்டார்கள் என்று அந்த வரி கேட்பதில்லை. கண்டதற்கு என்ன செய்தார்கள் என்றும் கேட்பதில்லை. அரசை எழுவாயாகக் கொண்டு ‘சிகிச்சை அளித்ததா?’ என்று முடியும் வாக்கியம் அந்தக் காகிதத்தில் எங்கும் கிடையாது. பள்ளி மருத்துவப் பரிசோதனையின் நூற்றாண்டு கடந்த வரலாறு பெரும்பாலும் இந்த இலக்கணத்துக்குள்தான் நடந்து வந்திருக்கிறது என்பது என் வாதம். பார்ப்பது அரசின் உரிமை. பார்க்கப்படுவது குழந்தையின் கடமை. பார்த்த பிறகு நடக்க வேண்டியது அம்மாவின் தலையெழுத்து.

2

உடம்பைப் பார்த்துப் பள்ளியில் சேர்ப்பதை டாக்டர்கள் தொடங்கிவைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் எல்லோர் கைக்கும் வராத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் எட்டினால் ஒண்ணாம் வகுப்பு. எட்டாவிட்டால், அடுத்த வருஷம் வா. நம்மில் பலருக்குச் சான்றிதழில் பிறந்த மாதம் பள்ளி திறக்கும் ஜூனாக இருப்பது அந்தக் காது கொடுத்த தேதி.

காது செய்த வேலையைப் பல்லும் செய்திருக்கிறது. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆனால் வயதைக் காட்டப் பிறப்புப் பதிவு இல்லை. 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பகமான சாட்சி என்று நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சொன்னார். குழந்தைகளின் பல்லைப் பெருந்திரளாகப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று இது. சொத்தையைத் தேடி நடந்ததல்ல. வேலைக்கு ஆகுமா என்று தேடி நடந்தது. இந்தியாவுக்கு 1881இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதையும், 1891இல் வந்த திருத்தம் ஒன்பது வயதையும் எல்லையாக வைத்தன. வயதுக்குச் சான்று சொல்லும் மருத்துவரும் கூடவே வந்து சேர்ந்தார்.

நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது என்ற கணக்கெல்லாம் தெரியும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குப் புத்தி சொன்னது நம் பழமொழி. நவீன அரசு அதைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே தானம் கொடுக்கிறவர்தான் வாங்குகிறவரின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். ‘பல்லைக் காட்டுவது’ என்றால் தமிழில் குழைந்து நிற்பது என்றும் ஒரு பொருள் இருப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ‘சோதனை’ என்ற சொல்லும் அப்படித்தான். ரத்தத்துக்கும் சோதனை, போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தாலும் சோதனை, வாழ்க்கையில் துன்பம் வந்தாலும் சோதனை.

3

பள்ளி மருத்துவப் பரிசோதனை சட்டமாக உருவெடுத்த கதையில் படைக்குப் பெரிய பங்கு உண்டு. போயர் யுத்தத்துக்கு (1899–1902) ஆள் எடுக்கப் போனபோது ஆங்கிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பெருந்தொகையினர் லாயக்கற்றவர்களாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கான காரணங்களில் சொத்தைப் பல்லும் ஒன்று. இனத்தின் உடல் சீரழிகிறதா என்று விசாரிக்க ஒரு குழு அமைத்து, 1904இல் அறிக்கை வந்தது. 1907இல் பள்ளிகளில் மருத்துவ ஆய்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. சாம்ராஜ்யத்துக்குச் சிப்பாய் வேண்டும்; அதனால் குழந்தைக்கு டாக்டர்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. நாம் இந்தப் பாதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். வருஷா வருஷம் எத்தனை குழந்தைக்குச் சொத்தை, எத்தனை குழந்தைக்குக் காதில் சீழ் என்று கணக்கு குவிந்தபோது, ‘பார்த்தீர்களே, என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வியும் சேர்ந்தே குவிந்தது. 1907இல் கேம்பிரிட்ஜில் பள்ளிக் குழந்தைகளுக்கென்று ஒரு பல் மருத்துவமனை தொடங்கியது. சோஷலிஸ்டான மார்கரெட் மக்மில்லன் லண்டனின் ஏழைப் பகுதியான டெப்ட்ஃபோர்டில் 1910இல் பள்ளி மருத்துவமனை நடத்தினார். 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வதை உள்ளூர் நிர்வாகத்தின் கடமையாக்கியது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போய், 1921இல் பள்ளிப் பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கி, பள்ளி வளாகத்திலேயே சொத்தையைக் குடைந்து அடைத்தது. பிள்ளைகள் அந்த அறைக்குக் ‘கொலைக்கூடம்’ என்று பெயர் வைத்தார்கள் என்பது வேறு கதை. பயந்தார்கள், ஆனால் பல் பிழைத்தது.

இந்தியாவில் பள்ளிக் குழந்தைகளை முதன்முதலாகப் பரிசோதித்தது 1909இல், பரோடா நகரத்தில். 1946இல் போர் குழு அறிக்கை எழுதியபோது, பள்ளி நலச் சேவை என்பது அநேகமாக இல்லை, இருக்கிற இடத்திலும் வளர்ச்சியற்றே இருக்கிறது என்று சொல்லும் நிலை. அந்தக் குழுவில் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் – மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் – 1952–53இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்த அறிக்கை பரிசோதனையோடு நிற்காமல், தொடர் கவனிப்பையும் தேவையான சிகிச்சையையும் சேர்த்தே கேட்டது. டீசியின் வரிக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்.

இதற்கு முன்பே சென்னை வேறொரு வழியில் யோசித்திருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று அந்தக் கோடு நீள்கிறது. இதில் யாரும் எடையை அளந்து, நாக்கைப் பார்த்து, பிறகு சோறு போடவில்லை. வரிசையில் நின்றவன் பசித்தவன், அவ்வளவுதான். பார்க்காமலே கொடுத்த இந்த மரபும், கொடுக்காமலே பார்த்த அந்த மரபும் ஒரே பள்ளிக்கூட வளாகத்தில் ஒன்றையொன்று தொடாமல் நடந்து வந்திருக்கின்றன.

4

தாம்பரம் பக்கம் வருவோம். ஒரு நோயின் பெயரால் ரயில் நிலையம் வாங்கிய ஊர் இது. 1928இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து இங்கே காசநோய்க்கான சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசு வசமானது. ரயிலில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் கிண்டி. அங்கே 1948இல் பி.சி.ஜி. தடுப்பூசி மருந்து தயாரிக்கும் கூடம் வந்தது. அதைத் தொடர்ந்த பெரும் தடுப்பூசி இயக்கத்துக்கு ஆள் திரட்ட வசதியான இடம் பள்ளிக்கூடம்தான். வரிசையில் நிற்கப் பழகிய உடம்புகள் வேறெங்கே கிடைக்கும்?

1955இல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதினார். இரண்டு வருஷத்துக்கு முன், பாதி நாள் பள்ளி மீதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டு, குலக்கல்வி என்று பெயர் வாங்கிப் பதவியும் இழந்தவர் அவர். குழந்தையின் உடம்பைக் காக்க வந்தவரைக் குழந்தையின் படிப்புக்காரர்கள் நம்பாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் பெற்றோரைக் கேட்டார்களா, பயன் உறுதியானதா என்ற கேள்விகள், யார் வாயிலிருந்து வந்தாலும் பதில் கேட்டு நிற்பவை. 1968இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கெடுத்த பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. சிறு குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசத்துக்கு எதிராக ஊசியின் பயன் இன்றும் ஏற்கப்படுகிறது. நான் சொல்ல வருவது ஊசிக்கு எதிரானதல்ல. இந்த மாவட்டத்து உடம்புகளைப் பார்த்து உலகம் பாடம் கற்றது. கற்ற பாடம் உடம்புக்காரர்களுக்கு எந்த வடிவத்தில் திரும்பி வந்தது என்பதுதான் கேள்வி.

5

இப்போது நடப்பது தேசிய சிறார் நலத் திட்டம். 2013இல் மத்திய அரசு தொடங்கியது. வேனில் குழு வரும். ஒண்ணாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கும். பட்டியலிலுள்ள குறைபாடுகளில் சொத்தைப் பல்லும் உண்டு. நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோன திட்டம் இது. இலவசமாக நடக்கும் அந்த ஒவ்வொரு அறுவையும் ஓர் உயிர்.

சிக்கல் சின்ன நோய்களில்தான். 2002–03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 54 விழுக்காட்டினருக்கும், 15 வயதினரில் 63 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருந்தது. ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது முதல் நிலைக் கடைவாய்ப்பல். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. கை காதைத் தொடும் அதே வயதில், பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் அதே வருஷத்தில், காப்பாற்றப்பட வேண்டிய பல் அது. அந்தப் பல்லைப் பார்த்து, சீட்டில் எழுதி, ‘ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா’ என்று சொல்லிட்டுப் போயிடுறாங்க. அரசு மருத்துவமனையில் காசு வாங்கமாட்டார்கள், சரி. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற அம்மாவுக்கு ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது? ஒரு தடவையில் முடியாத வேலை என்றால் ரெண்டாவது நாள் கூலியை? வலி தாங்காமல் கடைசியில் போகும்போது அடைக்க ஒன்றும் மிச்சமிருக்காது, பிடுங்குவதுதான்.

இந்தத் திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும். குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு முளைத்த தனியார் பள்ளிகளில் வேறு முறை. அங்கே சேர்க்கைப் படிவத்தோடு உடல்தகுதிச் சான்று கேட்கலாம். குடும்ப டாக்டர் கையெழுத்துப் போடுவார். பல் முகாம் வந்தால் குழந்தைக்கு ஒரு சின்னப் பற்பசையும் பெற்றோருக்குத் தள்ளுபடிச் சீட்டும் கிடைக்கும். ஏழைப் பிள்ளை பார்க்கப்படுகிறான், சிகிச்சைக்கு அலைகிறான்; காசுள்ள பிள்ளை வாடிக்கையாளன் ஆகிறான். இரண்டு பேர் டீசியிலும் ‘ஆம்’.

சான்று என்பதன் மதிப்பை இந்தப் பகுதி மறக்க முடியாது. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தகுதிச் சான்று பெற்றிருந்த வண்டி அது. பார்த்தேன் என்று எழுதுவதும் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய விளக்கம் வேண்டாம்.

பரிசோதனை அட்டைக்கு இன்னொரு குருடும் உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் தொழிற்சாலை கொடுத்தது. பக்கத்து நாகல்கேணியில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. அட்டையில் தோலுக்கு ஒரு கட்டம், பல்லுக்கு ஒரு கட்டம். தண்ணீருக்குக் கட்டம் இல்லை. நோய் குழந்தையிடம் இருக்கிறது, ஊரிடம் இல்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்ட காகிதம் அது.

6

நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கு இந்த இடத்தில் ஃபூக்கோ கைகொடுப்பார். பரிசோதனை என்பது கண்காணிப்பும் இயல்பு–பிறழ்வுத் தீர்ப்பும் சேரும் இடம், அது மனிதனை ஒரு ‘கேஸ்’ ஆக்குகிறது என்று 1975இலேயே எழுதியவர் அவர். காலனிய மருத்துவம் இந்திய உடலை எப்படிக் கைப்பற்றியது என்று 1993இல் டேவிட் அர்னால்டு விரிவாக எழுதினார். எல்லாம் சரி. ஆனால் இதை அப்படியே இறக்கி, ‘பள்ளிப் பரிசோதனை ஒரு அதிகாரச் சொல்லாடல், மறுப்போம்’ என்று முடித்துக்கொள்வது நமக்கு வசதியான முடிவு. நம் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் இருக்கிறார். பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புப் பிள்ளைகளின் பிரச்சினை அரசின் பார்வை அதிகமாக விழுவது மட்டுமல்ல. விழுந்த பார்வை நிற்காமல் போய்விடுவது.

எனவே மறுப்பதைவிட, இலக்கணத்தை மாற்றும் கோரிக்கை வேண்டும். ஒன்று, பரிசோதனைக் குறிப்பு பெற்றவர்கள் கைக்குத் தமிழில், புரியும்படி வர வேண்டும். இரண்டு, சீட்டு எழுதும் குழுவே பல் அடைக்கும் கருவியோடு பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். 1921இல் நியூசிலாந்துக்கு முடிந்தது நமக்கு முடியாததல்ல. மூன்று, ஒவ்வொரு பள்ளியும் எத்தனை பிள்ளையைப் பார்த்தார்கள் என்பதற்குப் பக்கத்தில் எத்தனை பிள்ளைக்குச் சிகிச்சை முடிந்தது என்றும் பள்ளி மேலாண்மைக் குழுவில் படிக்க வேண்டும். நான்கு, பள்ளியின் தண்ணீரும் கழிப்பறையும் அதே நாளில் அதே அட்டையில் ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

‘மாணவர் மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா?’ என்ற கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே இன்னொரு வரி சேர்க்க இடம் இருக்கிறது. அந்த வரிக்கு எழுவாய் அரசு.