பாகவதரும் இரு மரணங்களும்

தியாகதுருகத்து மலைக்கோட்டையைச் சரித்திரம் கற்றோர் அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படைகளும் மாறி மாறிக் கண் வைத்த கோட்டை அது. தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1993-இல் விழுப்புரத்தோடு சேர்ந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குரியதாயிற்று. மாவட்டங்கள் மாறினவேயன்றி, அம்மலையடிவாரத்துத் திண்ணைப் பேச்சு மாறவில்லை. நம் சிறுவயதில் அத்திண்ணைகளில் திப்பு சுல்தானின் பெயரைவிட மிகுதியாக அடிபட்ட பெயர் ஒன்றிருந்தது. அது எம்.கே. தியாகராஜ பாகவதரின் பெயர்.

நம் பாட்டனாரிடம் பாகவதரின் இசைத்தட்டுகள் சில இருந்தன. மஃரிபுக்குப் பின் அவற்றைத் தொடுவதில்லை என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு. பகற்பொழுதில் தட்டுச் சுழலும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து அமர்வார். பாட்டு முடிந்ததும் பேச்சுத் தொடங்கும். "பாய், மருந்திலே நஞ்சு கலந்து கொடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "இல்லை பாய், அந்த லட்சுமிகாந்தன் இரத்தம்தான் அவரை விடாமல் துரத்தியது" என்பார் மற்றவர். அருகிருந்து கேட்ட நாம் இரண்டையும் நம்பினோம். ஒன்று உண்மையாயின் மற்றொன்று எங்ஙனம் உண்மையாகும் என்று வினவ நமக்குத் தோன்றவில்லை. இன்று அவ்விரு மரணங்களையும் எடுத்து நோக்கி, தெரிந்தது இவ்வளவு, பேச்சு இவ்வளவு என்று பிரித்துக் காண முயல்கிறோம்.

முதல் மரணம் பாகவதருடையதன்று. சி.என். லட்சுமிகாந்தன் என்பவருடையது. பொய்ப்பத்திரம் தயாரித்த குற்றத்திற்காகச் சிறை சென்று மீண்ட இவர், யுத்த காலத்தில் சென்னையில் 'சினிமா தூது' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதுவதே அதன் தொழில். எழுதாதிருக்கப் பணம் பெறுவதும் அத்தொழிலின் ஒரு பகுதியாயிற்று என்பர். மக்கள் வாங்கிப் படித்தார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வாங்கிப் படிப்போர் இன்றி அத்தகைய ஏடுகள் ஒரு மாதமும் வாழா. புறம்பேசுதல் எத்தகையது என்பதை நம் இல்லங்களில் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அச்சிட்ட புறத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் நம்மவரும் இருந்திருப்பர்.

பாகவதரும், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும், பட்சிராஜா நிறுவனத்தின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். பத்திரிகையின் அனுமதி பறிக்கப்பட்டது. லட்சுமிகாந்தன் அயரவில்லை. 'இந்து நேசன்' என்ற ஏட்டைக் கைக்கொண்டு முன்னிலும் கடுமையாக எழுதலானார். சினிமா உலகத்தினரோடு நில்லாது, செல்வர்களையும் வணிகர்களையும் அவர் பேனா தீண்டிற்று. அவருக்குப் பகைவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல இயலாது. பின்னால் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இச்செய்தி மிக முக்கியமானது.

1944 நவம்பர் 8-ஆம் நாள், வேப்பேரியில் தம் வழக்கறிஞர் நண்பரின் இல்லத்திலிருந்து கை ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவர் கத்தியால் குத்தப்பட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பும் ஒருமுறை தாக்கப்பட்டிருந்தார். குத்துப்பட்டவர் அங்கேயே விழுந்துவிடவில்லை. நினைவோடு நண்பரிடம் மீண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பின்னரே பொது மருத்துவமனையை அடைந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. பேசும் நிலையில் இருந்த ஒருவரின் மரணம் இத்தனை ஆண்டுகளாகத் தெளிவுறாமல் இருப்பதே இவ்வழக்கின் வியப்பு.

டிசம்பர் மாத இறுதியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். செய்தி கேட்டுத் தமிழகம் திகைத்தது. 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என வெற்றிமேல் வெற்றி கண்டவர் பாகவதர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று அதனை இன்றும் பெருமையாகக் கூறுவர். ஆனால் இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளின்போது திரையில் பாடிய மனிதர் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார் என்பதை அப்பெருமையோடு சேர்த்து எவரும் சொல்வதில்லை.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மோக்கெட் முன்னிலையில் ஜூரிகளைக் கொண்டு விசாரிக்கப்பட்டது. சதிசெய்து ஆள் ஏவினர் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது ஓர் அப்ரூவரின் வாக்குமூலத்தை. ஒன்பது ஜூரிகளில் அறுவர் குற்றவாளிகள் என்றும் மூவர் அல்லர் என்றும் கூறினர். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே 3-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு ஜூரிகள் கருத்து மாறியிருந்தால் பெரும்பான்மையே மாறியிருக்கும்! உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அவ்வாண்டே தள்ளுபடியாயிற்று.

பின்னர் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. முன்னைய மேல்முறையீடு முறைப்படி ஆராயப்படவில்லை எனக் கண்டு, மீண்டும் விசாரிக்குமாறு அது பணித்தது. இம்முறை வாதாடியவர்களுள் பெயர்பெற்ற பாரிஸ்டர் வி.எல். எத்திராஜும் ஒருவர். நீதிபதிகள் இருவர். ஒருவர் ஹாப்பெல், மற்றவர் ஜனாப் ஷஹாபுத்தீன். அன்றைய சென்னை மாகாணத்து ஏலூரில் பிறந்து, ஐ.சி.எஸ். தேறி, நீதித்துறையில் உயர்ந்த இவர் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, 1960-இல் சில நாள்கள் அந்நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். அவ்விருவரும் சாட்சியங்களை மீண்டும் துருவி நோக்கி, அப்ரூவர் கூற்றை நம்பித் தண்டிப்பதற்கில்லை என்ற முடிவுக்கு வந்தனர். 1947 ஏப்ரல் 25-ஆம் நாள் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை பெற்றனர். பாகவதரின் வாழ்க்கையை எழுதுவோர் இவ்விடத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது நமக்கு வருத்தமே.

அவ்விடுதலையால் ஒன்று தீர்ந்தது, ஒன்று தீரவில்லை. இவர்கள் ஏவவில்லையெனின் ஏவியவர் யார்? அதற்கு எந்த நீதிமன்றமும் விடை கூறவில்லை. 1944-இல் ஓடும் ரயிலில் செல்வர் ஒருவர் கொல்லப்பட்ட 'போட் மெயில்' வழக்கைப் பற்றி லட்சுமிகாந்தன் எழுத முற்பட்டதே அவருக்கு எமனாயிற்று என்று சிலர் கூறுவர். இதுவும் பேச்சுத்தான். நீதிமன்றம் தள்ளிய ஐயத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நீதிமன்றமே காணாத வேறோர் ஐயத்தை நடுவதில் நமக்கு உடன்பாடில்லை.

இதை எழுதுகையில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் நினைவுக்கு வருகிறார். 1921-இல் சான்பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் அவரளித்த விருந்துக்கு வந்த நடிகை வர்ஜீனியா ராப்பே சில நாள்களில் மரணமடைந்தார். பத்திரிகைகள் நடிகரைக் கொலைகாரர் என்றே எழுதின. மூன்று முறை விசாரணை நடந்தது. 1922-இல் மூன்றாவது ஜூரி சில நிமிடங்களில் விடுதலை செய்ததோடு, அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதென எழுத்து மூலமும் தெரிவித்தது. எனினும் அவருடைய பழைய புகழ் மீளவில்லை.

பாகவதரின் நிலையும் அதுவே. சிறை சென்றபோது ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவின. வெளிவந்தபின் நடித்த 'ராஜ முக்தி' 1948-இல் வந்து தோற்றது. 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு' எவையும் பழைய நாள்களைத் திருப்பித் தரவில்லை. கிருஷ்ணன் மட்டும் தம் இயல்பான ஊக்கத்தால் 'நல்லதம்பி', 'மணமகள்' என மீண்டும் எழுந்தார். ஆயினும் அவரும் 1957 ஆகஸ்ட் 30-இல், ஐம்பது வயதை எட்டுமுன் மறைந்தார்.

இனி இரண்டாவது மரணம். பாகவதருக்கு நீரிழிவு இருந்தது. 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் கச்சேரி செய்யச் சென்றவரிடம், அந்நோய்க்குக் கைகண்ட மருந்து தம்மிடம் உண்டெனக் கூறி ஒருவர் மூலிகை மருந்தொன்றைக் கொடுத்தார் என்பர். அதனை உட்கொண்டு சென்னை திரும்பியவர் கடுமையாக நோயுற்றார். அக்டோபர் 22-இல் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நவம்பர் 1-ஆம் நாள் மாலை காலமானார். வயது நாற்பத்தொன்பது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர்நீத்ததும் அதே மருத்துவமனையில்தான். திண்ணைப் பேச்சு "இரத்தம் துரத்தியது" என்று சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் தெரிந்தவற்றை மட்டும் வைத்து நோக்குவோம். நீண்ட நாள் நீரிழிவுக்காரர். கல்லீரலும் கெட்டிருந்தது என்று மருத்துவமனையில் கண்டனர். அத்தகைய உடலில் அளவறியாத நாட்டுமருந்து என்ன செய்யும் என்பதற்கு நஞ்சு வைத்த பகைவனைத் தேடவேண்டியதில்லை. கொடுத்தவர் தீய எண்ணத்தோடு கொடுத்தார் என்பதற்கும் சான்று வெளிவரவில்லை. எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்கவும் இல்லை. அபிமானி ஒருவரின் அன்பே நஞ்சாயிற்றோ என்பது நம் எண்ணம். எண்ணம் என்ற அளவிலேயே இதைக் கொள்க.

புகழ்பெற்ற கலைஞர் இளவயதில் மறைந்தால் இயற்கை மரணம் என்று ஏற்க மக்கள் மனம் ஒப்புவதில்லை. பாகவதருக்கு இணையாகப் பாடி நடித்த பி.யு. சின்னப்பா 1951-இல் முப்பத்தைந்தாம் வயதில் திடீரென மாண்டபோதும் ஊரெல்லாம் கதை கட்டிற்று. 1996-இல் சில்க் சுமிதா இறந்தபோதும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றிரண்டு கதைகளில் உண்மை இருக்கவும் கூடும். ஆனால் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. சின்னப்பாவைப் பற்றிய வதந்தியால் யாரும் சிறை செல்லவில்லை. லட்சுமிகாந்தன் வழக்கிலோ இருவருடைய வாழ்வில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன.

பாட்டனார் காலமாகும் முன் ஒருமுறை அவரிடம் இத்தீர்ப்பைப் பற்றிக் கூறினோம். ஷஹாபுத்தீன் சாகிபின் பெயரைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் பாகவதர் செய்யவில்லையா?" என்று கேட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றோம். அவர் சற்றுநேரம் மலைப்பக்கம் பார்த்திருந்துவிட்டு, "நாற்பது வருஷமாக நானல்லவா அவரைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்துவரச் சொன்னார். அப்பெரியவர் அதற்கு முந்தைய ஆண்டே மௌத்தாகிவிட்டதை நாம் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.