விரல்வழித் தமிழும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கூறுவோர் கல், ஓலை, தாள் என்று வரிசைப்படுத்துவர். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் தமிழும் அவ்வரிசையில் சேர்க்கத்தக்கதே. பேராக் மாநிலத்துத் தோட்டப் பிள்ளை ஒருவர் அவ்வெழுத்தைப் பெறுவதற்கு எத்தகைய தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை இங்கு நோக்குவோம்.

பிரெஞ்சு நாட்டின் லூயி பிரெயில் தம் எழுத்துமுறையை 1829-இல் வெளியிட்டார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைப்பதால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. தமிழகத்தில் அஸ்க்வித் அம்மையார் 1890-இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல பிரெயில் முறைகள் வழங்கின. யுனெஸ்கோவின் முயற்சியால் பெய்ரூத்தில் நடந்த கலந்தாய்வை ஒட்டி, 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. இன்றைய தமிழ்ப் பிரெயில் அதன் கிளையாகும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக்கின் பால்மரக் காடுகளுக்கு வந்தோரின் பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளிகள் அமைந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சில ஆசிரியர்களே பல வகுப்புகளையும் தாங்கிய அப்பள்ளிகளில் கற்பித்தல் கரும்பலகையை நம்பியே நடந்தது. பார்வையற்ற பிள்ளைக்கெனத் தனிப்பள்ளி தேவைப்பட்டது. 1926-இல் மலாக்காவில் தோன்றிய புனித நிக்கோலஸ் இல்லம் பின்னர்ப் பினாங்கிற்கு மாறியது. போருக்குப்பின் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளி எழுந்தது. சுங்கை சிப்புட்டுப் பிள்ளை அங்குப் பயில வேண்டுமாயின் வீட்டை விட்டு விடுதியில் தங்க வேண்டும். கல்வி ஆங்கிலத்திலும், பின்னர் மலாயிலும் அமைந்தமையால், எழுத்தறிவு பெற்ற பிள்ளைக்கும் தாய்மொழி செவிமொழியாகவே நின்றுவிடும் நிலை இருந்தது.

இதற்குத் தமிழெழுத்தின் கடினத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அச்சில் 247 எழுத்துகளைக் கற்கும் பிள்ளைக்குப் பிரெயிலில் உயிரும் மெய்யும் ஆய்தமுமாகிய 31 வடிவங்களும், புள்ளிக்குரிய ஒன்றும் போதும். உயிர்க்குறிகளுக்குத் தனிவடிவம் இல்லை. உயிரெழுத்தே மெய்யை அடுத்து வரும். ‘கொ’ என்பதை அச்சில் காண்பவர் கொம்பு, ககரம், கால் என மூன்றாகக் காண்பர். விரலோ ககரத்தைத் தொட்டு, அடுத்து ஒகரத்தைத் தொடும். எழுத்தின் வரிசை ஒலியின் வரிசையாகவே அமைகிறது.

மேலும், பாரதி பிரெயில் கூடியவரை ஒலியொத்த உரோம எழுத்தின் வடிவத்தையே கொள்கிறது. அ, இ, உ, க, ப, ம, ர, ல, வ ஆகியவற்றை மலாய்ப் பிரெயில் அறிந்த பிள்ளையின் விரல் ஏற்கெனவே அறியும். ழகர, ளகர, றகரங்கள் போன்றவற்றைப் புதிதாகக் கற்பித்தல் வேண்டும்.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம், உடற்குறை காரணமாக எவரையும் பொதுக்கல்வியினின்று விலக்கலாகாது என்கிறது. அச்சட்டத்திற்குத் தமிழ்ப் பள்ளியில் உயிரூட்டுவோர் ஆசிரியர்களே. ஈப்போவில் ஒரு பிள்ளைக்காக ஓர் ஆசிரியர் இவ்வடிவங்களைக் கற்பது சில வாரப் பணி. பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதலும், ஓரளவு பார்வையுள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் பாடம் தருதலும் நாளையே தொடங்கக் கூடியவை. மாணவர்களும் தம் தோழருடன் இவ்வெழுத்தைக் கற்றால், அவர் எழுதும் தமிழைப் படிக்க வகுப்பில் ஆள் இருக்கும்.