ஐந்து விரலும் அகல விரித்து

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூரை எட்டுவதற்குச் சற்று முன்பாக வருகிறது திருப்புலிவனம். புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. இறைவன் பெயர் வியாக்ரபுரீசுவரர். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட இக்கோயிலைப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் செல்வது வரலாற்று ஆர்வலர் பலரின் வழக்கம். இக்கட்டுரையும் அவ்வழியே செல்கிறது. ஆனால் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு செல்கிறது.

ஊர்ப்பெயரிலேயே புலி இருப்பதால் ஆடுபுலி ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். தமிழகக் கோயில்கள் பலவற்றின் கல் தளங்களில் இதற்கான கட்டங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இவ்வாட்டத்தில் ஒளிவு மறைவு கிடையாது. என் ஆடு எங்கே நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் புலி எங்கே என்பது எனக்கும் தெரியும். பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் கணக்கிட்டு விடலாம். இதன் உறவினரான நேபாளத்து பாக்சாலில் நான்கு புலிகள், இருபது ஆடுகள். அதைக் கணினி கொண்டு ஆராய்ந்த லிம் யூ ஜின்னும் நீவர்கெல்ட்டும், இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று நிறுவிவிட்டார்கள்.

கணித மேதை ஜான் வான் நாய்மனுக்கு இத்தகைய ஆட்டங்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. சதுரங்கம் ஆட்டமே அன்று, அது ஒருவகைக் கணக்கு. எதிராளி நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று நாம் நினைக்க வேண்டிய இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது என்ற பொருளில் அவர் பேசியதாக ஜேக்கப் பிரனாவ்ஸ்கி எழுதியிருக்கிறார். 1928இல் வான் நாய்மன் வெளியிட்ட கட்டுரையும், 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய பெருநூலும் ஆட்டக் கோட்பாடு என்னும் துறைக்கு அடித்தளம் இட்டன. அந்நூலில் போக்கர் சீட்டாட்டத்துக்கென்றே ஒரு நெடும்பகுதி உண்டு. இத்துறையில் தமிழர் பெயர்களும் உள்ளன. தி. பார்த்தசாரதியும் டி. இ. எஸ். ராகவனும் இருவர் ஆட்டங்கள் பற்றி இணைந்து எழுதிய ஆங்கில நூல் 1971இல் வெளிவந்தது.

போக்கரின் உயிர்நிலை பொய்ப் பந்தயம். அதை விளங்கிக்கொள்ள ஹரால்ட் கூன் 1950இல் அமைத்த மூன்று சீட்டு ஆட்டம் போதும். ராஜா, ராணி, ஜாக்கி மட்டுமே கட்டில் உள்ளவை. இருவரும் ஆளுக்கு ஒரு காசு வைத்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கிறார்கள். மேலும் ஒரு காசு பந்தயம் வைக்கலாம். எதிராளி ஈடுகட்டலாம் அல்லது விட்டுவிடலாம். முதலில் ஆடுபவர் ராஜா வந்தால் மட்டுமே பந்தயம் வைப்பவராக இருந்தால், ராணி வைத்திருப்பவர் அதைப் புரிந்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஒதுங்கிவிடுவார். ஆகவே கடைநிலைச் சீட்டான ஜாக்கியை வைத்துக்கொண்டும் சில வேளை பந்தயம் வைக்க வேண்டும். எத்தனை முறை? ராஜாவுடன் மூன்று முறைக்கு ஜாக்கியுடன் ஒரு முறை என்பது கூன் கண்ட விடை. இந்த விகிதத்தில் ஆடினால் ராணிக்காரர் என்ன செய்தாலும் ஒன்றுதான். ஈடுகட்டினால் மூன்று முறை ஒவ்வொரு காசு இழப்பார், நான்காம் முறை மூன்று காசு பெறுவார். கணக்கு நேராகிவிடும்.

இதில் நுட்பமான செய்தி வேறொன்று. நான்கில் எந்த முறை பொய் சொல்வது என்பதை ஆடுபவர் தம் மனப்போக்கில் முடிவு செய்யக் கூடாது. மனிதர் மனம் தடம் விட்டுச் செல்லும். அந்தத் தடத்தை எதிராளி படித்துவிடுவார். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தின் விநாடி முள் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதுண்டு. அறிவு தெளிந்த நிலையில், தன் முடிவைத் தானே அறியாதபடி தற்செயலின் கையில் ஒப்படைத்தல்! திருவுளச்சீட்டை அறியாமையின் அடையாளமாகக் கருதிப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கம், எதிராளியின் கையை அறிதல். புதிதாகக் கற்பவர்கள் ‘அவரிடம் இரண்டு ஏஸ் இருக்கிறது’ என்று ஒரே கையை ஊகிப்பார்கள். பயின்றவர்கள் இருக்கக்கூடிய கைகள் அனைத்தையும் ஒரு தொகுதியாக மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் பொருந்தாதவற்றை நீக்குவார்கள். இத்தொகுதியை ஆட்டக்காரர்கள் ‘ரேஞ்ச்’ என்கிறார்கள். கைகளின் வரிசை ஆதலால் ‘கைவரிசை’ என்று தமிழாக்கலாம் என எங்களுள் ஒருவர் சொன்னார். சொல் பொருத்தமானதுதான். ஆனால் ‘திருடர்கள் கைவரிசை’ என்று நாளிதழ்கள் அதைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டன.

52 சீட்டில் இரண்டை 1326 விதமாக எடுக்கலாம். இரு ஏஸ் வருவதற்கு 6 வழி. ஏஸும் ராஜாவும் வருவதற்கு 16 வழி. மேசையில் ஓர் ஏஸ் திறந்துவிட்டால் முன்னது 3 ஆகவும் பின்னது 12 ஆகவும் குறைகிறது. ஆக, அச்சமூட்டும் இரட்டை ஏஸைவிட மற்றதற்கே நான்கு மடங்கு வாய்ப்பு. மகாபாரதத்து இருதுபன்னன் தான்றி மரத்தின் கிளைகளைப் பார்த்த மாத்திரத்தில் காய்களின் தொகை கூறியதையும், நளன் இறங்கி எண்ணிச் சரிபார்த்ததையும், குதிரை நூலுக்கு ஈடாகச் சூதின் நுட்பத்தை அவனிடம் கற்றதையும் நளவெண்பா வாசகர்கள் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சூதாட்ட அறிவும் எண்ணும் அறிவும் ஒன்றே எனக் கண்ட கதை அது. 2017இல் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றதும் இவ்வறிவின் தொடர்ச்சியே.

இவ்வளவு நுட்பம் இருப்பதால் இது திறமை விளையாட்டு, சூதன்று என்பது நிறுவனங்களின் வாதம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது. தமிழக அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் நீக்கியது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்த ரம்மியையும் போக்கரையும் 2023இல் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என்னும் கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தது. திறமை என்பது உண்மை. ஆனால் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பது. மேசை நடத்துபவரின் கழிவு வேறு. இத்தகைய ஆட்டத்தில் திறமைக்கு இடம் கூடக் கூட, புதிதாக உட்காருபவரின் இழப்பு உறுதியாகிறது. திறமை வாதத்தின் இந்தப் பக்கம் போதிய அளவு பேசப்படவில்லை என்று கருதுகிறோம்.

இனி உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்திலுள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் இரண்டு. 919ஆம் ஆண்டினது ஒன்று, 921ஆம் ஆண்டினது மற்றொன்று. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்த பிறகு, ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்ற மேடைப் பேச்சுக்கு இவை நிரந்தரச் சான்றாகிவிட்டன. அப்பெருமிதத்தை ஒதுக்கிவைத்து, சீட்டாடுபவரின் கண்ணோடு 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படித்தால் அது வேறுவிதமாகப் பேசுகிறது.

முதலில், யார் யார் பெயர் குடத்துள் செல்லலாம் என்ற தொகுதி. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிகுந்தால் அரைக்கால் வேலி நிலமும் போதும். அடுத்து நீக்கம். முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமன்று, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று அவருடைய உறவு வட்டம் முழுவதும் கூடாது. கையாடல் எந்த வழியில் திரும்பி வரும் என்று யோசித்து யோசித்து அடைத்திருக்கிறார்கள்.

பிறகு குலுக்கல். முப்பது குடும்புக்கும் தனித்தனியே ஓலைகளில் பெயர் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டி, குடத்தில் இடுகிறார்கள். ஊரார் பாலரும் முதியவரும் உட்படக் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கி நிற்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கிறார்கள். மத்தியஸ்தன் அவ்வோலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். அதன் பின்னரே பெயர் பதிவாகும். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக வரும் முப்பதின்மரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6.

ஐந்து விரலையும் ஏன் விரிக்க வேண்டும் என்று சீட்டாடிப் பழகிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். விரல் இடுக்கில் இன்னோர் ஓலை இருக்கலாம்! தெய்வ சித்தம் என்று மட்டும் கருதியவர்களுக்கு இவ்வளவு காவல் தேவைப்பட்டிருக்காது என்பது எங்கள் துணிபு. நிகழ்ச்சியில் கோயில் நம்பிமார் இருந்தார்கள், நம்பிக்கையும் இருந்திருக்கும். ஆயினும் குலுக்கல் தானாக நேர்மையாகிவிடாது, அதை நேர்மையாகச் செய்து காட்ட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குடவோலை முறை அவர்களுக்கு முன்பே பழையது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பிணத்தின் குடரைக் கழுகுகள் இழுப்பதற்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை நீக்கி ஓலைகளை எடுக்கும் அலுவலரை உவமையாக்குகிறார். கொடூரமான உவமை, ஆனால் முத்திரையை மறக்காத உவமை.

ஏரி வாரியத்துக்கு அடுத்த ஆண்டு யார் வருவார் என்று தெரிந்தால், தன் வயலுக்கு முந்தித் தண்ணீர் வேண்டுபவன் இன்றே அவரைப் போய்ப் பார்ப்பான். தெரியாவிட்டால் யாரைப் பார்ப்பது? தகுதியுள்ள அனைவருக்கும் கையூட்டுத் தர எவனாலும் இயலாது. 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடிகளை எங்கே வைப்பது என்பதை மிலிந்த் தாம்பே குழுவினரின் நிரல் தற்செயலாக மாற்றியமைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆட்டக் கோட்பாட்டைச் சோழர் கண்டுபிடித்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்லத் தொடங்க வேண்டாம். விகிதம் கணிக்கும் கணிதம் அங்கே இல்லை. எல்லா ஓலைக்கும் ஒரே எடை. நோக்கமும் எதிரானது. போக்கர் ஆடுபவர் தற்செயலைப் பயன்படுத்துவது தன் ஆதாயத்துக்கு; சபை பயன்படுத்தியது எவருக்கும் ஆதாயம் கிட்டாமல் தடுக்க.

919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதை மாற்றி, நீக்க விதிகளையும் பெருக்கிப் புதிய கல்வெட்டு வெட்டினார்கள். இடையில் என்ன நடந்தது என்று கல் சொல்லவில்லை. எவரோ ஒரு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. இத்தனையும் பிராமணர் சபையின் ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஏரி நீரில் உழுதவர்கள், நட்ட பெண்கள், குடத்தை வனைந்த குயவர் ஆகியோர் பெயர் அந்த ஓலைகளில் ஏறியதில்லை.