அகவல் எங்கே முறிகிறது: மனோன்மணீயமும் நாடக யாப்பும்

ஆங்கில நாடகத்தின் இயைபற்ற 'பிளாங்க் வெர்ஸு'க்கு ஈடாகப் பெ. சுந்தரம் பிள்ளை அகவல் என்னும் ஆசிரியப்பாவைக் கையாண்டார் என்பது மனோன்மணீயத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. 1891இல் வெளிவந்த அந்நூலின் கதை, லிட்டன் பிரபு மிலேட்டஸ் நகரக் கதைகளாக எழுதியவற்றுள் ஒன்றைத் தழுவியது; ஐந்து அங்கம் என்ற கட்டமைப்பும் ஆங்கில நாடகத்திலிருந்து வந்தது. ஆகவே யாப்பும் அப்படித்தான் என்று எளிதாக முடித்துவிடுகிறோம். ஆனால் இயைபு இல்லை என்பதால் மட்டும் ஒரு யாப்பு நாடகத்துக்கு உரியதாகிவிடாது. அடிக்குள் பேச்சு எங்கெங்கே முறிய முடியும் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

ஆங்கிலேயருக்கு இயைபைக் கைவிட்டது ஒரு துணிச்சல். 1547இல் கொலைத்தண்டனை பெற்று இறந்த சர்ரே பிரபு, வர்ஜிலின் காவியத்தில் இரண்டு காண்டங்களை அவ்வாறு பெயர்த்தார். 1561–62 குளிர்காலத்தில் லண்டன் சட்டக் கழகம் ஒன்றில் அரங்கேறிய 'கார்படக்' அதை நாடகத்துக்குக் கொண்டுவந்தது. அந்நாடகத்தில் பெரும்பாலும் அடி முடியுமிடத்தில் வாக்கியமும் முடிகிறது. பாத்திரங்கள் பேசுவதில்லை, சொற்பொழிவாற்றுகிறார்கள். மார்லோ அதற்கு முழக்கம் தந்தார். ஷேக்ஸ்பியரின் பிற்கால நாடகங்களில்தான் வாக்கியம் அடியைத் தாண்டி ஓடி அடுத்த அடியின் நடுவில் நிற்கிறது. ஒருவர் விட்ட அரை அடியை மற்றவர் முடிக்கிறார். அதற்கு இடங்கொடுத்தது ஐந்து என்ற ஒற்றைப்படை எண். ஐந்து அழுத்தமுள்ள அடி சரிபாதியாகப் பிளவுபடுவதில்லை. நாலாம் அசையை அடுத்தும் நிற்கலாம், ஆறாம் அசையை அடுத்தும் நிற்கலாம். நிறுத்தம் இடம் மாறமாறப் பேச்சின் குணமும் மாறுகிறது.

தமிழுக்கு இயைபின்மை புதிதே அல்ல. நம் யாப்பு அடியீற்று ஒலிப்பை ஒருபோதும் கட்டாயமாக்கியதில்லை; எந்தத் தொடையும் அமையாத செந்தொடைக்கும் இலக்கணத்தில் இடமுண்டு. ஆசிரியப்பாவுக்குத் தொல்காப்பியம் மூன்றடி முதல் ஆயிரம் அடி வரை எல்லை வகுக்கிறது. மணிமேகலை முழுதும் அகவல். கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைப்பதும் அகவலில்தான். நம் இலக்கியத்தின் மிக நாடகத்தன்மையுள்ள காட்சி எலிசபெத் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த யாப்பில் நிகழ்ந்துவிட்டது. எனவே சுந்தரம் பிள்ளை யாப்பை இறக்குமதி செய்யவில்லை. வீட்டில் கிடந்ததை எடுத்து வேறு வேலைக்கு வைத்தார்.

அந்த வேலைக்கு அது முழுதும் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகவலடி நாற்சீர். முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைந்தால் அடி இரண்டு இரண்டாகப் பிரிந்து நின்றுவிடுகிறது. மனோன்மணீயத்தில் ஓரடியை இருவர் பகிரும் இடங்கள் உண்டு. அங்கே பேச்சு நடுவில் வெட்டப்படும்போது உரையாடல் ஊசலாட்டத்தின் சீரைப் பெறுகிறது. விரைந்த சொற்போருக்கு அது போதாது. தனிமொழிக்கோ அதே யாப்பு அபாரமாக வளைகிறது. அமைச்சன் குடிலன் தன் சூழ்ச்சியைத் தனக்குள்ளேயே எடைபோடும் பகுதியிலும், நடராசன் வாய்க்காலையும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்துப் பேசும் பகுதியிலும் வாக்கியம் அடியடியாக நீண்டு செல்கிறது. குறுக்கே பேச எவரும் இல்லாததால் பாதிப்பிளவு தலைகாட்டுவதில்லை. (இந்நூலிலிருந்து ஊரறிந்த பகுதியான தமிழ்த்தெய்வ வணக்கம் அகவலே அன்று என்பது வேடிக்கை.)

பொம்மனஹள்ளியிலிருந்து எழுதுபவனுக்கு ஒப்பிடக் கன்னடம் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னடக் கவிஞருக்குத் தடையாக நின்றது நம் எதுகையை ஒத்த இரண்டாமெழுத்துப் பிராசம். மஞ்சேஸ்வரம் கோவிந்த பை 1911இல் அதைக் கைவிட்டார். பின்னர் ஐந்து மாத்திரைக் கணங்கள் நான்கு கொண்ட லலித ரகளையிலிருந்து பிராசத்தை நீக்கிச் சரள ரகளை உருவாயிற்று. பி.எம். ஸ்ரீகண்டய்யாவின் 'அசுவத்தாமன்' (1929) போன்ற நாடகங்களிலும், பிறகு குவெம்புவின் ராமாயணத்திலும் அது வளர்ந்தது. இங்கும் கணம் நான்குதான், இரட்டைப்படைதான். ஆயினும் அடியைப் பாதியாகப் பூட்டும் மோனைக் கட்டு இல்லாததால் வாக்கியம் கணத்தின் எல்லையையும் அடியின் எல்லையையும் தாராளமாக மீறுகிறது. ஆகவே குறையை நாற்சீர்மேல் மட்டும் போட முடியாது. அடிக்குள் மோனை எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மோனையைத் தளர்த்தும் சோதனைகள் தமிழ் நாடகத்தில் தொடராமற்போனதற்குக் காரணம் மேடை. மனோன்மணீயம் படிப்பதற்கென எழுதப்பட்டது. அதே 1891இல் சென்னையில் சுகுணவிலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வசனத்தைத் தேர்ந்தார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனபோதும் வசனத்தில்தான் பேசினான். சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையைப் பாட்டு ஆண்டது. ஆங்கில யாப்பு முப்பது நாற்பது ஆண்டுகளில் நெகிழ்ந்ததற்குக் கவிஞரின் திறமையோடு, ஒவ்வொரு நாளும் அதை மனப்பாடம் செய்து, மூச்சுக்கேற்ப முறித்துப் பேசிய நடிகர்களும் காரணம். குடிலனுக்கு அப்படியொரு தொழில்முறை நடிகர் குழு வாய்த்திருந்தால், அவனுக்கும் அரசன் ஜீவகனுக்கும் இடையிலான உரையாடல்களில்தான் முதலில் மோனை இடம்பெயர்ந்திருக்கும்.