உப்பளத்துக்காரர் எந்தக் கட்டத்தில்?

விழுப்புரம் மாவட்டத்தைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவாங்க. 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் 34,58,873 பேர். நூற்றுக்கு 85 பேர் கிராமத்தில். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் மிஞ்சியவர்கள் சுமார் 21 லட்சம். இன்று 9 வட்டங்கள், 13 ஊராட்சி ஒன்றியங்கள். கிராமம் என்றால் ஏரிப் பாசனம், நெல், கரும்பு, மல்லாட்டை. (நிலக்கடலைன்னு சொன்னா இந்தப் பக்கம் வெளியூர்க்காரர்னு கண்டுபிடிச்சிடுவாங்க.)

இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஓரம் ஒன்று உண்டு. கிழக்கே, கடற்கரைச் சாலையில் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம். தெற்கே கழுவெளி. நடுவில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். அங்கே உப்பு வாருகிறவர் மாவட்டத்தின் கணக்கில் எங்கே இருக்கிறார்னு தேடிப் போனதில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

ஊர் பழசு. சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுதான் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதைத் தனியாக எழுதணும்.

1801-ல் ஆற்காடு நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்து, தென்னாற்காடு கலெக்டரின் கீழ் போனது. நாலே வருஷத்தில், 1805-ல், சென்னை மாகாணம் முழுக்க உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆனது. ஒரே ஊரில் நிலவரி ஒரு கணக்கு, உப்பு வேறு கணக்கு என்ற பிரிவு இங்கேதான் வலுத்தது என்று நினைக்கிறேன். பிறகு உப்பையும் சாராயத்தையும் சேர்த்துக் கவனிக்க உப்பு-அப்காரி இலாகா என்று தனியாக ஒன்றே இருந்தது.

அந்தப் பிரிவு இன்னும் போகலை. மரக்காணத்துக்காரர் சாதிச் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், திண்டிவனம் கோட்டாட்சியர் என்று போவார். ஆனால் அவர் நிற்கிற உப்பளத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறை நிலம், குத்தகைக்கு விடப்பட்டது. அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 58-வது இனம் உப்பு. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில்! கடலே இல்லாத ராஜஸ்தானிலா என்று சிரிக்க வேண்டாம், சாம்பர் ஏரி அங்கேதான் இருக்கு.

இப்போ கணக்கெடுப்புக்கு வருவோம். 1991 வரை தொழிலாளர்களை ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். மீன்பிடிப்பு, கால்நடை, தோட்டம் போன்றவற்றுக்குச் சேர்த்து ஒரு கட்டமாவது இருந்தது. 2001-ல் நாலாகச் சுருக்கிவிட்டார்கள்: சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்பவர், இதர தொழிலாளர். ஊர்வாரி அட்டவணையில் இந்த நாலுதான். உப்பளத் தொழிலாளி "இதர". பள்ளிக்கூட வாத்தியார், பஸ் டிரைவர், கடைக்காரர், குப்பத்து மீனவர் எல்லாரும் அதே "இதர". தொழில் வகைப்பாட்டு நூலைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. 2008 தேசிய வகைப்பாட்டில் உப்பு எடுத்தல், சுரங்கம் மற்றும் குவாரி பிரிவில் வருது. வெயிலில் பாத்தி மிதித்துப் பலகையால் உப்பு இழுக்கிற பெண், நெய்வேலி நிலக்கரிக்குப் பக்கத்தில்.

இதைவிடச் சிக்கல் நாள் கணக்கு. வருஷத்தில் 183 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தால் "முதன்மை", குறைந்தால் "குறு". உப்புப் பருவம் தை, மாசி வாக்கில் தொடங்கி வடகிழக்குப் பருவமழையோடு முடியும். கோடையில் இரண்டு நல்ல மழை பெய்தால் பாத்தி கரைஞ்சு, திரும்ப முதல்லேருந்து. அதே ஆள், அதே பாத்தி. மழையைப் பொறுத்து ஒரு வருஷம் முதன்மை, ஒரு வருஷம் குறு. மழை மாசத்தில் கிடைக்கிற வயல் வேலையில் நாள் கூடிப்போனால் விவசாயத் தொழிலாளர் கட்டத்துக்கே போய்விடுவார்.

வெறும் ஏட்டுச் சண்டை இல்லை இது. சில வருஷமாகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்குது. கொடுக்கணும்னா பட்டியல் வேணும். "இதர"விலிருந்து பட்டியல் எடுக்க முடியாது. யார் தன் பெயரைப் பதிந்து வைத்தார்களோ அவர்களுக்குத்தான். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம்தான் கரை கடந்தது. வயல் மூழ்கினால் இத்தனை ஏக்கர் என்று எழுத அடங்கல் இருக்கு. கரைந்துபோன உப்புக்கும், அதை வாருகிறவரின் போன கூலிக்கும் எந்தக் கிராமக் கணக்கில் பத்தி இருக்கு?

அடுத்த கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். மரக்காணத்தில் அது பாத்தி திருத்தும் நேரம். "போன வருஷம் எத்தனை மாசம் வேலை?" என்று கேட்கும்போது ஒருவர் மழைக்காலத்தைக் கழித்துச் சொல்வார், இன்னொருவர் சேர்த்துச் சொல்வார்.