இத்தாலியின் பெராரா: சைக்கிளில் இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கக்கூடிய அகதிகளின் நகரம்

கோடை விடுமுறைக்கு இத்தாலி போகும் எம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் ரோம், வெனிஸ், மிலானோ, பீசா என்றே திட்டமிடுகின்றன. பொலோனியாவிலிருந்து வெனிஸ் போகும் தொடருந்துப் பாதையில் பெராரா என்றொரு நகரம் இருக்கிறது. பொலோனியாவிலிருந்து அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஆகும். பொலோனியாவிலும் ரெஜியோ எமிலியாவிலும் உறவினர் வீடுகளுக்குப் போகிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஏறக்குறைய 130,000 பேர் வாழும் இந்த நகரத்தை இத்தாலியர்கள் சைக்கிள் நகரம் என்றே அழைக்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பெராராவைச் சைக்கிளில் பார்ப்பதற்கு முதற் காரணம் நிலம். போ ஆற்றின் சமவெளியில் இருப்பதால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டையான தெருக்கள் அந்நியமாக இரா. முதியவர்கள் சந்தைப் பையைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு போவதையும், தாய்மார் பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு போவதையும் இங்கே நாள் முழுக்கக் காணலாம்.

இரண்டாவது காரணம் வரலாறு. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதை எஸ்தே பிரபுக்களின் நகரமாகவே காட்டுவார்கள். ஆனால் அதே தெருக்களில் நாடுகடத்தப்பட்ட இன்னொரு மக்களின் 500 ஆண்டு வரலாறும் கிடக்கிறது. கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் அந்த வரலாற்றைத் தவறவிட்டே திரும்புவோம்.

சுற்றுலா எப்படி நடக்கும்

வழிகாட்டியுடன் செய்யும் குறுகிய சுற்றுலா பொதுவாக 2 முதல் 3 மணித்தியாலம் எடுக்கும். மிதிக்கும் தூரம் 10 கிலோமீற்றர் அளவில்தான். பத்து நிமிடம் மிதிப்பதும் பத்து நிமிடம் நின்று கேட்பதுமாக நேரம் போகும். நகர மையத்தில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சைக்கிளுக்குப் பெரும்பாலான தெருக்கள் திறந்திருக்கின்றன. பழைய பகுதித் தெருக்களில் ஆற்றுக் கூழாங்கற்கள் பதித்திருப்பதால் அங்கே மெதுவாகப் போக வேண்டும். மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெக்கையும் புழுக்கமும் கடுமை, ஆகவே காலைச் சுற்றுலாவே நல்லது. பின்னிலையுதிர் காலத்தில் பனிமூட்டம் இறங்கும்.

கோட்டை: வரியில் தொடங்கிய கட்டடம்

எல்லாச் சுற்றுலாக்களும் நகர நடுவில் உள்ள எஸ்தே கோட்டையைத் தொடும். நான்கு கோபுரங்களும், இன்றும் தண்ணீர் நிற்கும் அகழியுமாக இருக்கும் இந்தச் செங்கல் கோட்டை எதிரி நாட்டுக்குப் பயந்து கட்டப்பட்டதல்ல. 1385இல் வரிச்சுமை தாங்காமல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வரி விடயங்களுக்குப் பொறுப்பாக இருந்த தொம்மாசோ தா தொர்தோனா என்ற அதிகாரியைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டார்கள். ஆட்சியாளர் இரண்டாம் நிக்கொலோ அவரை ஒப்படைத்தார். கூட்டம் அவரைக் கொன்றது. அதன் பின்னரே, சொந்தக் குடிமக்களிடமிருந்து தன் குடும்பத்தைக் காக்க நிக்கொலோ இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்.

கணக்குத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கதை சும்மா கடந்து போகாது. வரியை விதித்தவர் ஆட்சியாளர், உயிரைக் கொடுத்தவர் உத்தியோகத்தர். ஆபத்து வரும்போது அதிகாரம் யாரைக் கைவிடும் என்பதைத் தொடர்ந்து வரும் தெருக்களிலும் பார்க்கப் போகிறோம்.

1492: நகரம் இரட்டித்த ஆண்டு

கோட்டையிலிருந்து வடக்கே கோர்சோ ஏர்க்கோலே என்ற நீண்ட நேரான தெரு போகிறது. முதலாம் ஏர்க்கோலே பிரபு 1492 முதல் நகரத்தை வடக்கே விரிவாக்கி, அதன் பரப்பை இரண்டு மடங்குக்கும் மேலாக்கினார். பத்தாண்டுக்கு முன் நடந்த போரில் வெனிஸ் படைகள் வடக்குப் பக்கத்தால் நெருங்கி வந்திருந்தன; அந்தப் பக்கத்துக்கும் மதில் தேவைப்பட்டது. திட்டத்தை வரைந்தவர் பியாஜோ ரொசெற்றி. இந்த விரிவாக்கத்தை இத்தாலியர்கள் 'அடிட்சியோனே' என்கிறார்கள். கணக்கில் வரும் கூட்டலுக்கும் அதே சொல்தான். தெருவின் நடுவில் உள்ள வைர மாளிகையில் வழிகாட்டி கட்டாயம் நிற்பார். அதன் சுவர்களில் வைரம் போலக் கூர் செதுக்கிய ஏறக்குறைய 8,500 பளிங்குக் கற்கள் உண்டு.

அதே 1492இல் ஸ்பெயின் அரசு தன் நாட்டு யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றியது. கப்பல்களில் அலைந்து ஜெனோவாத் துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்களில் சிலவற்றைப் பெராராவில் குடியேற ஏர்க்கோலே அனுமதித்தார். இதில் இரக்கம் மட்டும் இல்லை. விரிவடையும் நகரத்துக்கு வணிகர், மருத்துவர், கைவினைஞர் தேவைப்பட்டார்கள். ஆனாலும் மற்றக் கதவுகள் மூடியிருந்தபோது இந்தக் கதவு திறந்தது. அவருடைய பேரன் இரண்டாம் ஏர்க்கோலே, போர்த்துக்கலில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகித் தப்பி வந்தவர்களுக்கும் இடம் கொடுத்தார்.

1553: எழுத்தை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு நூல்

அப்படி வந்தவர்களில் ஒருவர் கிராசியா நாசி. லிஸ்பனில் பிறந்தவர், மிளகு வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த மெண்டெஸ் குடும்பத்தின் விதவை. அந்த மிளகு கேரளக் கரையிலிருந்து போர்த்துக்கேயக் கப்பல்களில் போனது. அந்தப் பணத்தையும் வணிகத் தொடர்புகளையும் கொண்டு அவர் பலரைத் தப்புவித்தார். 1550ஐ ஒட்டிய சில ஆண்டுகள் பெராராவில் வாழ்ந்து, பின்னர் இஸ்தான்புல் சென்றார்.

1553இல் பெராராவில் ஒரு நூல் அச்சானது. ஹீப்ரு வேதாகமத்தைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானியத்தில் பெயர்த்த நூல் அது. அச்சிட்டது ஹீப்ரு எழுத்தில் அல்ல, லத்தீன் எழுத்தில். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் தலைமுறைகளாகத் தங்கள் மதத்தை மறைத்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்து தெரியாமற் போயிருந்தது. ஆகவே அவர்களுக்குத் தெரிந்த எழுத்திலேயே நூலைக் கொடுத்தார்கள். சில பிரதிகள் பிரபுவுக்கும், சில பிரதிகள் கிராசியா நாசிக்கும் காணிக்கையாக்கப்பட்டன. ஒன்று இடம் தந்தவருக்கு, மற்றது தோள் கொடுத்தவருக்கு.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் நாம் இந்தக் கதையை வேறு ஆட்களின் கதை என்று கேட்க முடியாது. கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். எழுத்துப் போனால் எல்லாம் போயிற்று என்று பெராராவுக்கு வந்தவர்கள் கையை விரிக்கவில்லை. எழுத்து திரும்பும் வரை பொருளாவது கையில் இருக்கட்டும் என்று அச்சகத்தைத் தேடினார்கள்.

1627: பூட்டிய வாயில்கள்

1597இல் எஸ்தே குடும்பத்தின் கடைசிப் பெராராப் பிரபு வாரிசின்றி இறந்தார். அடுத்த ஆண்டு நகரம் பாப்பரசரின் நேரடி ஆட்சிக்குள் போனது. எஸ்தே குடும்பம் மோதெனாவுக்குக் குடிபெயர்ந்தது. யூதர்களிலும் பலர் கூடவே போனார்கள். நின்றவர்களை 1627இல் கெற்றோவுக்குள் அடைத்தார்கள். கெற்றோ என்பது வாயில்களை இரவில் பூட்டி, ஒரு மக்களை மட்டும் உள்ளே வைத்திருக்கும் குடியிருப்பு. நெப்போலியனின் படைகள் வந்தபோது வாயில்கள் அகன்றன. அவர்கள் போனதும் கட்டுப்பாடுகள் திரும்பின. 1859இல் பாப்பரசரின் ஆட்சி முடிந்த பிறகே அவை முற்றாக நீங்கின.

அந்தக் கெற்றோ இன்றைய வியா மட்சினி, வியா விட்டோரியா, வியா விஞாதாலியாத்தா என்ற மூன்று தெருக்களில் இருந்தது. தேவாலயத்திலிருந்து சைக்கிளில் இரண்டு நிமிடம். வியா மட்சினி இன்று கடைத்தெரு என்பதால் குறுகிய சுற்றுலாக்கள் நிற்காமல் கடந்து விடும். யூதத் தொழுகைக்கூடம் இருக்கும் கட்டடம் இந்தத் தெருவில்தான் உண்டு. நாசி முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த கல்லும் அங்கேயே இருக்கிறது.

1938, 1943

இத்தாலி ஒன்றிணைந்த பின் யூதர்கள் சம குடிமக்கள் ஆனார்கள். 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவர்களைப் பாடசாலைகளிலிருந்தும் அரச வேலைகளிலிருந்தும் நீக்கின. பெராராவில் வளர்ந்த எழுத்தாளர் ஜோர்ஜோ பசானி, நீக்கப்பட்ட மாணவர்களுக்கு வியா விஞாதாலியாத்தாவில் நடந்த பாடசாலையில் கற்பித்தவர். அவருடைய 'பின்சி-கொந்தினிகளின் தோட்டம்' நாவல் 1962இல் வெளிவந்தது. அந்தத் தோட்டத்தைத் தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அது கற்பனை, நகரத்தில் அப்படியொரு தோட்டம் இல்லை.

1943 நவம்பர் 15 விடியலில் பாசிசவாதிகள் 11 பேரைக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கோட்டை அகழியின் ஓரச் சுவரருகே சுட்டார்கள். நினைவுக் கற்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. குடிமக்களுக்குப் பயந்து 1385இல் தொடங்கிய அதே கோட்டைதான் இது. வழிகாட்டி சொல்லாவிட்டால், நீங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கும் இடமே அதுவாக இருக்கலாம்.

மதில்

சுற்றுலாவின் மிக இலகுவான பகுதி மதில். பழைய நகரைச் சுற்றி ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நீளம். மேலும் கீழும் மரநிழலில் பாதைகள் உண்டு, வாகனம் கிடையாது. சிறு பிள்ளைகளைப் பயமின்றி மிதிக்க விடலாம். வடக்கு மூலையில் போர்த்தா தெல்யி ஆஞ்சலி என்ற வாயில் நிற்கிறது. எஸ்தே குடும்பம் 1598இல் இவ்வழியாகவே நகரத்தை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. அகதிகளுக்கு இடம் கொடுத்தவர்களின் குடும்பமும் ஒருநாள் பொதி கட்டிப் புறப்பட்டது.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் உள்ள விலை ஒன்று, கையிலிருந்து போகும் பணம் வேறொன்று. நாங்கள் கணக்குப் பார்க்கும் வரிசை இது:

- விலையில் சைக்கிள் வாடகை அடங்குமா, வழிகாட்டிக் கட்டணம் மட்டுமா?
- விலை ஆளுக்கா, குழுவுக்கா? இரண்டு குடும்பம் சேர்ந்தால் குழு விலை பெரும்பாலும் இலாபம்.
- பிள்ளை இருக்கை, சிறிய சைக்கிள், தலைக்கவசம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா?
- காப்புறுதி என்னென்ன சேதத்துக்குப் பொறுப்பு? சைக்கிள் களவு போனால் யார் செலுத்துவது?
- வைப்புப்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும்?
- மழைக்கு இரத்துச் செய்தால் பணம் கிடைக்குமா?
- கோட்டைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுச்சீட்டு தனியாக வாங்க வேண்டுமா? பெரும்பாலும் ஆம்.

வழிகாட்டி உரிமம் பெற்றவரா, எந்த மொழியில் பேசுவார் என்பதையும் கேளுங்கள். பதிவு செய்யும்போதே, வியா மட்சினியிலும் கோட்டை அகழியின் நினைவுக் கற்களிலும் நின்று விளக்கம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள்.

ஆவணங்கள்

இத்தாலியில் தங்குமிடம் எதுவானாலும் விருந்தினரின் அடையாள விபரங்களைக் காவற்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிள்ளைகள் உட்பட அனைவரின் மூல ஆவணமும் கையில் இருக்க வேண்டும், படப்பிரதி போதாது. செங்கன் நாடொன்று வழங்கிய அகதிக் கடவுச்சீட்டில் பயணிப்பவர்கள் வதிவிட அனுமதி அட்டையையும் கூடவே வைத்திருக்க வேண்டும். இரண்டின் காலாவதித் திகதியையும் பாருங்கள். சுவிஸின் எப் அனுமதி போன்ற தற்காலிக அனுமதி உள்ளவர்கள் முன்கூட்டியே தங்கள் அலுவலகத்தில் பயண அனுமதி பெற வேண்டும். பிரித்தானியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ அகதிப் பயண ஆவணத்தில் வருகிறவர்கள் விசா பற்றி இத்தாலியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால்

வியா பியாஞ்சிபானேயில் இருந்த பழைய சிறைச்சாலை 2017 முதல் இத்தாலிய யூதர் வரலாற்றுக்கும் இன அழிப்புக்குமான தேசிய அருங்காட்சியகமாக இயங்குகிறது. 1943இல் பசானி அடைக்கப்பட்டதும் இந்தச் சிறையில்தான். நகரின் வடகிழக்கில், மதிலுக்குள், யூதர்களின் இடுகாடு இருக்கிறது. பசானியின் கல்லறை அங்கே உண்டு. சனிக்கிழமை மூடியிருக்கும், ஆண்கள் தலையை மூடிச் செல்ல வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் 1385, 1492, 1553, 1627, 1938, 1943 என்ற ஆறு ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தையோ கதையையோ அவர்களே கண்டுபிடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். 1553க்கு மட்டும் தெருவில் விடை கிடைப்பது கடினம். அதை வீட்டுப் பெரியவர்கள்தான், முடிந்தால் தமிழில், சொல்லிக் கொடுக்க வேண்டும்.