மின் கெட்டிலில் உப்புப் படிவு: அகற்றும் முறை

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் பல வீடுகளில், மின் கெட்டில் வாங்கிய சில வாரங்களிலேயே அதன் அடியில் வெண்ணிறப் படிவு தோன்றிவிடுகிறது. இது அழுக்கு அன்று. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது சிதைந்து, எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது.

இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 தரநிலைப்படி, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

இப்படிவால் உடலுக்குப் பொதுவாகத் தீங்கில்லை, கெட்டிலுக்குத்தான் கேடு. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் நீர் கொதிக்கத் தாமதமாவதுடன், சூடேற்றும் பகுதி அளவுக்கு மீறி வெப்பமடைந்து நாளடைவில் பழுதாகவும் கூடும்.

சுரண்டுவதைவிட அமிலத்தால் கரைப்பதே சிறந்தது. கெட்டிலில் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து கொதிக்கவைத்து, மின் இணைப்பைத் துண்டித்து அரை மணி நேரம் விட வேண்டும். அப்போது எழும் குமிழ்கள் கார்பன் டை ஆக்சைடு வாயுவே. பின்னர் நன்கு அலசி, வெறும் நீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்தும் பயன்படுத்தலாம். வாடைதான் சற்று நேரம் நீடிக்கும்.

வினிகருடன் சமையல் சோடாவையும் சேர்க்கும் வழக்கம் பயனற்றது. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். பிளீச்சிங் பொருளை அமிலத்துடன் கலப்பதோ ஆபத்தானது: நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். மின் இணைப்புள்ள அடிப்பகுதியை எக்காரணம் கொண்டும் நீரில் அமிழ்த்தக் கூடாது.